ஊரார் பிள்ளை

கோவையிலிருந்து ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரத்துக்கு மேற்படிப்புக்குப் போன மில் தொழிலாளியின் மகள், தன் படிப்புக்கு யார் யார் செலவு செய்தார்கள் என்று எண்ணிப் பார்க்கிறார்.

“அங்க ஃபீஸே கெடையாதாமா? நெசமாவா கண்ணு?”

ஊருக்கு வந்தால் யார் வீட்டு விசேஷத்திலும் என்னிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். நெசந்தான். ஜெர்மனியின் கிழக்கே, சாக்சனி மாநிலத்தில் இருக்கிறது கெம்னிட்ஸ். அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2024 குளிர்காலப் பருவத்தில் சேர்ந்து எம்பெடெட் சிஸ்டம்ஸ் முதுகலை படிக்கிறேன். கல்விக் கட்டணம் என்று என்னிடம் யாரும் ஒரு யூரோகூட வாங்கவில்லை.

ஆனால், செலவே இல்லாமல் எந்தப் படிப்பும் நடப்பதில்லை. ஆய்வகத்தில் ஆஸிலோஸ்கோப் இருக்கிறது. குளிர்காலம் முழுவதும் வகுப்பறையைச் சூடாக வைத்திருக்கிறார்கள். பேராசிரியருக்கு மாதாமாதம் சம்பளம் போகிறது. நான் கட்டவில்லை என்றால் வேறு யாரோ கட்டுகிறார்கள். அந்த ‘யாரோ’ யார் என்று யோசிக்கத் தொடங்கினேன். யோசனை என்னைக் கெம்னிட்ஸிலிருந்து நேராகக் கோயம்புத்தூருக்கே கூட்டி வந்துவிட்டது.

நான் சிங்காநல்லூர்க்காரி. அப்பா நூற்பாலையில் ரிங் ஃபிரேம் சைடராக இருந்தவர். அரசுப் பள்ளியில் படித்தேன். மதியம் சத்துணவு சாப்பிட்டேன். பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளில் டியூஷனுக்குப் போனேன். கலந்தாய்வில் பொறியியல் இடம் கிடைத்தபோது, வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கிய முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழ்தான் கல்விக் கட்டணத்தைக் குறைத்தது. பட்டதாரியே இல்லாத குடும்பத்திலிருந்து வரும் முதல் பிள்ளைக்கு அரசு கை கொடுக்கும் இந்தச் சலுகை தமிழ்நாட்டில் 2010-11 கல்வியாண்டில் வந்தது. அது இல்லாமல் போயிருந்தால் என் படிப்பு பிளஸ் டூவோடு நின்றிருக்கும்.

ஆக, எனக்குச் செலவு செய்தவர்களில் முதலில் நிற்பவர்கள் நம் ஊர்க்காரர்கள். பேருந்தில் டிக்கெட் எடுத்தவர், கடையில் சோப்பு வாங்கியவர், வரி கட்டிய யாரோ ஒருவர். அவர்களுக்கு அடுத்து வந்தவர்கள் ஜெர்மானியர்கள்.

‘இலவசம்’ – முழுக் கணக்கு

வர நினைக்கும் தம்பி தங்கைகள் முதலில் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏஜென்சிகளின் விளம்பரங்களில் ‘இலவசம்’ என்ற சொல் பெரிதாக இருக்கும். மற்றதெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும்.

2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்கள் விசாவுக்கு முன்பே ஏபிஎஸ் சான்றிதழ் வாங்க வேண்டும். நம் பட்டமும் மதிப்பெண் பட்டியலும் உண்மையானவைதானா என்று பார்த்துத் தரும் சான்றிதழ் அது. கட்டணம் 18,000 ரூபாய். அடுத்தது முடக்கக் கணக்கு. ஓர் ஆண்டு சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் ஆகும் பணத்தை முன்கூட்டியே நம் பெயரில் போட்டுக் காட்ட வேண்டும். நான் கிளம்பிய சமயத்தில் அது 11,208 யூரோ. 2024 செப்டம்பரிலிருந்து 11,904 யூரோ. அப்போதைய மதிப்பில் ஏறத்தாழ பத்து, பதினோரு லட்சம் ரூபாய். அங்கே போன பிறகும் அதை மொத்தமாக எடுக்க முடியாது, மாதம் ஒரு பங்குதான் கைக்கு வரும். எங்கள் வீட்டில் அந்தப் பணம் வங்கிக் கடனாக வந்தது. வீட்டுப் பத்திரம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது.

போய்ச் சேர்ந்ததும் மருத்துவக் காப்பீட்டுக்கு மாதம் 120 யூரோவுக்கு மேல் போகும். பருவத்துக்கு ஒருமுறை மாணவர் சேவைகளுக்கென்று ஒரு தொகை கட்ட வேண்டும். கெம்னிட்ஸில் வாடகை குறைவு, மாணவர் விடுதியில் அறை கிடைத்துவிட்டால் மூச்சு விடலாம். மியூனிக்கில் வாடகை இதைவிட மிக அதிகம். ஜெர்மனி முழுக்கக் கட்டணம் இல்லை என்பதும் சரியில்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 குளிர்காலப் பருவத்திலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-25 குளிர்காலப் பருவத்திலிருந்து அப்படிப்பட்ட புதிய மாணவர்களுக்குக் கட்டணம் வைத்துவிட்டது.

படித்துக்கொண்டே வேலை பார்க்கலாம். 2024 மார்ச்சிலிருந்து ஆண்டுக்கு 140 முழு நாட்களோ 280 அரை நாட்களோ அனுமதி உண்டு. 2025-இல் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோவாக இருந்தது. நான் வார இறுதிகளில் ஒரு பார்சல் கிடங்கில் இரவு ஷிப்ட் போகிறேன். பெல்ட்டில் பெட்டிகள் வந்துகொண்டே இருக்கும். ஸ்கேனரைக் காட்டி, அஞ்சல் எண்ணைப் பார்த்து, கூண்டு வண்டியில் அடுக்க வேண்டும். கனமான பெட்டி அடியில், லேசானது மேலே. ஒரு பெட்டியைத் தவறவிட்டால் அடுத்த மூன்று வந்து முட்டிக்கொண்டு நிற்கும். விடிகாலை இடைவேளையில் சிரியாக்காரர், உக்ரைன்காரர், போலந்துக்காரர் என்று எல்லோரும் ஒரே மேசையில் காபி குடிப்போம். முழங்கை விண்விண்ணென்று தெறிக்கும்.

நைட் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா பகலில் தூங்கும்போது வீட்டில் நாங்கள் ரேடியோகூடப் போடமாட்டோம். அந்தத் தூக்கத்தின் அருமை இந்த ஊருக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நூற்பாலைக்குள் நூலகம்

கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே படிக்கிறோம். 1888-இல் ஸ்டேன்ஸ் மில்லில் தொடங்கிய கதை அது. கெம்னிட்ஸுக்கும் சாக்சனியின் மான்செஸ்டர் என்று பெயர் உண்டு. நூற்பு, நெசவு, காலுறை, ஜவுளி இயந்திரம் என்று 19-ஆம் நூற்றாண்டில் வளர்ந்த ஊர். ஆடி நிறுவனத்தின் முன்னோடியான ஆட்டோ யூனியனின் தலைமையகமும் இங்கேதான் இருந்தது.

எங்கள் பல்கலைக்கழகத்தின் மைய நூலகம் ஒரு பழைய நூற்பாலைக் கட்டடத்துக்குள் இருக்கிறது. ஒரு காலத்தில் சாக்சனியின் பெரிய நூற்பாலைகளில் ஒன்றாக இருந்த ஆலை அது. கட்டி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. இடிக்காமல் செப்பனிட்டு, 2020-இல் நூலகமாகத் திறந்தார்கள். முதல்முறை உள்ளே நுழைந்தபோது கூடத்தின் நீளத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, வரிசையாக மெஷின் போடுவதற்கென்று கட்டிய கூடம் என்று. அப்பாவின் மில்லுக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுபோய்க் கொடுத்த நாட்களில் வாசலிலிருந்து எட்டிப் பார்த்த அதே நீளம். ஸ்பிண்டில்கள் சுற்றிய இடத்தில் இப்போது பிள்ளைகள் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இங்கே தொழில் அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. பழைய தறிகளை ஓட்டிக் காட்டுவார்கள். தறி ஓடத் தொடங்கியதும் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அப்பா ஸ்பின்னிங்காரர், தறியில் வேலை பார்த்தவரில்லை. ஆனாலும் என்னைப் பார்க்கவே இல்லை. “போனைக் கொஞ்சம் கீழ காட்டு கண்ணு” என்றார். இயந்திரத்தின் அடிப்பகுதியைக் காட்டினேன். “பஞ்சு சேராம சுத்தமா வெச்சிருக்காங்க பாரு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “இதை ஓட்டுனவங்கெல்லாம் இப்ப எங்க இருக்காங்க?” என்று கேட்டார். அப்பா வேலை பார்த்த மில் மூடிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அதனால்தான் அவருக்கு அந்தக் கேள்வி தோன்றியது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன அம்மா

பதில் ஒரு மொழிப் பயிற்சிக் கூடுகையில் கிடைத்தது. ஓய்வுபெற்ற உள்ளூர்க்காரர்கள் வாரம் ஒரு மாலை வந்து உட்கார்ந்து, எங்களைப் போன்றவர்களோடு ஜெர்மன் பேசுவார்கள். காசு வாங்குவதில்லை. என் மேசைக்கு வரும் அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. ஜவுளி இயந்திரத் தொழிற்சாலையில் பொருத்துநராக இருந்தவர். அப்போது இந்த ஊரின் பெயரே கார்ல் மார்க்ஸ் நகரம். 1953-இல் வைத்த பெயரை 1990-இல் மக்கள் வாக்களித்து மாற்றிக்கொண்டார்கள். இரண்டு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு கிழக்கின் ஆலைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அவர் வேலையும் போயிற்று. பிள்ளைகள் வேலை தேடி மேற்கே போனார்கள், அங்கேயே தங்கிவிட்டார்கள். 1980-களில் மூன்று லட்சத்துக்கு மேல் இருந்த ஊரின் மக்கள்தொகை இன்று சுமார் இரண்டரை லட்சம்தான்.

ஒரு நாள் என் அரைகுறை ஜெர்மனில் அவரிடம் நேராகவே கேட்டேன். “உங்கள் வரிப் பணத்தில் நான் படிக்கிறேன். உங்களுக்கு அதில் வருத்தம் இல்லையா?”

அவர் யோசிக்கவே இல்லை. “என் பேரன் மியூனிக்கில் படிக்கிறான். அங்கே யாரோ வரி கட்டுகிறார்கள். இங்கே நீ படிக்கிறாய். கட்டி வைத்த வகுப்பறை பூட்டிக் கிடந்தால் யாருக்கு லாபம்?” என்றார். சொல்லிவிட்டு என் வாக்கியத்தில் இருந்த வேற்றுமைப் பிழையைத் திருத்தினார்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று நம்மூரில் சொல்வார்கள். கெம்னிட்ஸில் ஒரு கிழவி அதைக் கணக்காகவே போட்டுக் காட்டிவிட்டார்.

கட்டணத்தை விரட்டிய வரலாறு

ஜெர்மனியில் கட்டணமில்லாக் கல்வி வானத்திலிருந்து விழுந்த வரமில்லை. 2005 ஜனவரியில் அந்நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம், கல்விக் கட்டணத்துக்கு மத்திய அரசு போட்டிருந்த தடையை நீக்கியது. அதைப் பிடித்துக்கொண்டு ஏழு மாநிலங்கள் பருவத்துக்கு 500 யூரோ வரை வாங்க ஆரம்பித்தன. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். தேர்தல் மேடைகளில் அது பெரிய விவாதமானது. ஹெஸன் மாநிலம் 2008-இல் கட்டணத்தைக் கைவிட்டது. ஒவ்வொன்றாக மற்ற மாநிலங்களும் பின்வாங்கி, கடைசியாக 2014-இல் லோயர் சாக்சனியும் கைவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. பொதுக் கல்வி என்பது ஒருமுறை கிடைத்துவிட்டால் நிலைத்து நிற்கும் சொத்து அல்ல. ஒவ்வொரு தலைமுறையும் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. நான் வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் பதாகை பிடித்த மாணவர்களும் எனக்குச் செலவு செய்தவர்கள்தான்.

ஜெர்மனிக்கு இதில் சொந்த நலனும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். வயதானவர்கள் கூடிக்கொண்டே போகும் நாடு. பொறியாளர், செவிலியர், கணினித் துறையினர் என்று எல்லா இடத்திலும் ஆள் வேண்டும். அதனால்தான் இங்கே பட்டம் பெற்றவர்களுக்கு வேலை தேட 18 மாதம் வரை தங்க அனுமதி தருகிறார்கள். 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியில் படித்த இந்தியர்கள் ஏறத்தாழ 49,000 பேர். வெளிநாட்டு மாணவர்களில் நாம்தான் முதலிடம். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் தேவை இருக்கிறது. அதனால் யாரும் கூனிக் குறுகி வாங்க வேண்டியதில்லை.

மூன்று வாய்ப்பு, அதற்கு மேல் இல்லை

படிப்பு எப்படி? வகுப்புக்கு வந்தே ஆகவேண்டும் என்று பெரும்பாலும் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. இன்டர்னல் மதிப்பெண் என்ற தாங்குகட்டை பல பாடங்களில் கிடையாது. பருவ முடிவில் வரும் ஒரே தேர்வில் எல்லாம் முடிந்துவிடும். மதிப்பெண் 1.0 என்றால் முதல் தரம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி. எந்தத் தேர்வை எழுதப் போகிறோம் என்று நாமே குறித்த தேதிக்குள் பதிவு செய்ய வேண்டும். ஒரு பாடத்துக்குப் பொதுவாக மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாம் முறையும் கட்டாயப் பாடத்தில் தோற்றால், அந்தப் படிப்பை விட்டே வெளியேற வேண்டும். நம்மூரில் அரியர் வைத்து ஆற அமர முடிக்கலாம் என்று பழகியவர்களை இந்த விதி உலுக்கி எடுத்துவிடும்.

விடுதியில் எங்கள் மாடியில் இருந்த ஒரு அண்ணன் மூன்றாவது முறைக்குப் படித்த மாதத்தில் யாரிடமும் பேசவில்லை. வீட்டில் அவர் இரண்டு முறை தோற்றது தெரியாது. நாங்கள் சிலர் முறை வைத்து அவருக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒரு அக்கா அவரை மாணவர் நல அமைப்பின் உளவியல் ஆலோசனைக்குக் கூட்டிப்போனார். மாணவர்களுக்கு அது இலவசம். அவர் தேறிவிட்டார். தேறாமல் போயிருந்தாலும் அவரை வீட்டில் யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது என்பதை ஊரில் இருக்கும் பெற்றோர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். கடன் வாங்கி அனுப்பிய பிள்ளை தோல்வியைச் சொல்லப் பயப்படும். கேட்கிற குரலில் அந்தப் பயம் போகவேண்டும்.

நான்கு மணிக்கு இருட்டும் ஊர்

டிசம்பரில் காலை எட்டு மணிக்கு விடிந்து மாலை நான்கு மணிக்கு இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும். குளிர்காலத்தில் நம் ஊருக்கும் இங்கும் நாலரை மணி நேர வித்தியாசம். இங்கே வேலை முடிந்து போன் எடுக்கும்போது அங்கே அம்மா படுத்திருப்பார். “சோறு உண்டாச்சா கண்ணு?” “ஆச்சுங்கம்மா.” சில நாள் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

தனிமைக்கு எனக்குத் தெரிந்த முதல் மருந்து மொழிதான். ஆங்கிலத்திலேயே படித்து முடித்துவிடலாம் என்பது உண்மை. ஆனால் வீட்டுக்காரரின் கடிதம், மருத்துவரின் கேள்வி, வேலைக்கான நேர்காணல், பக்கத்து அறைக்காரியின் கோபம், இவை எதுவும் ஆங்கிலத்தில் வராது. கோவையில் கோத்தே மையம் இருக்கிறது, சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது. விசா வரும்வரை காத்திருக்கும் மாதங்களில் பி1 நிலை வரையாவது படித்துவிட்டு விமானம் ஏறுங்கள். கல்விக் கட்டணம் இல்லாத நாட்டுக்கு நாம் செலுத்த வேண்டிய கட்டணம் அந்த உழைப்புதான்.

இன்னொரு மருந்து நம் ஆட்கள். ஹாம் நகரில் 2002-இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. போருக்குத் தப்பி அகதிகளாக வந்த ஈழத் தமிழர்கள் எழுப்பிய கோயில். தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் கூட்டம் வருகிறது. நானும் தோழிகளும் ரயில் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். அன்னதானப் பந்தியில் பரிமாறிய அக்கா, “எங்கட பிள்ளையளே, வடிவா சாப்பிடுங்கோ” என்று சோற்றை அள்ளி வைத்தார். நாங்கள் வங்கிக் கடனோடும் விசாவோடும் வந்தவர்கள். அவர்கள் எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்தவர்கள். அந்தத் தலைமுறை வேலை செய்து, காசு சேர்த்துக் கட்டிய பந்தியில் நாங்களும் உட்கார்ந்து சாப்பிட்டோம். நன்றி என்று சொன்னால் போதாது என்று தோன்றியது.

மறைக்கக் கூடாத ஒன்று

கெம்னிட்ஸ் என்று இணையத்தில் தேடினால் 2018 ஆகஸ்ட் செய்திகள் வரும். ஒரு கொலைச் சம்பவத்தைத் தொடர்ந்து வலதுசாரித் தீவிரவாதிகள் ஊர்வலம் போனார்கள், வெளிநாட்டவர்கள் தாக்கப்பட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு அம்மா அழுதார். அந்தத் தாக்குதல்களுக்கு அடுத்த சில நாட்களில், ‘நாங்களே அதிகம்’ என்ற முழக்கத்தோடு நடந்த இசை நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 65,000 பேர் திரண்டதும் அதே ஊரில்தான். 2025-இல் ஐரோப்பாவின் கலாசாரத் தலைநகராக இருந்ததும் அதே ஊர்தான்.

டிராமில் எங்களைப் பார்த்து ஒருவன் கத்தியிருக்கிறான். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் உண்டு. இரவில் தனியாக எந்த வழியில் வருவது, எந்த வழியைத் தவிர்ப்பது என்று சீனியர்கள் சொல்லித் தருவார்கள். இதைச் சொன்னால் வீட்டில் அனுப்பமாட்டார்கள் என்று பல பிள்ளைகள் மறைக்கிறார்கள். சொல்லிவிடுவதே நல்லது. அன்று கத்தியவனுக்கு எதிராக எழுந்து நின்று பதில் சொன்ன ஒரு முதியவரும் அதே டிராமில் இருந்தார். இரண்டும் சேர்ந்ததுதான் நான் வாழும் ஊர்.

பட்ட கடன்

படிப்பு முடிந்தால் திரும்பி வருவேனா, ஜெர்மனியிலேயே இருப்பேனா என்று ஊரில் கேட்கிறார்கள். வங்கிக் கடன் அடையும்வரை அங்கே வேலை பார்ப்பேன். அதற்குள் அந்த நாட்டுக்கு வரியும் ஓய்வூதிய நிதியும் என் சம்பளத்திலிருந்து போகும். அதில் ஒரு துளி எனக்கு ஜெர்மன் கற்றுத் தரும் அந்த அம்மாவின் ஓய்வூதியத்துக்கும் போகும் என்று நினைக்கும்போது மனம் நிறைகிறது.

நம் ஊருக்குச் செய்ய வேண்டியதை அதுவரை தள்ளிப்போடத் தேவையில்லை. வெளிநாட்டில் படிக்கும் ஒவ்வொருவரும் தாங்கள் படித்த அரசுப் பள்ளிக்கு ஒரு மணி நேரம் கொடுக்கலாம். பல்கலைக்கழகத்தைத் தேடுவது எப்படி, எந்தப் படிவம் எங்கே கிடைக்கும், உண்மையான செலவு எவ்வளவு என்று காசு வாங்காமல் சொல்லித் தரலாம். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட்-இன் (DAAD) இணையதளத்தில் படிப்புகளின் பட்டியல் முழுக்க இலவசமாகவே கிடைக்கிறது. அதைத் திறந்து காட்ட ஆள் இல்லாததால்தான் பல குடும்பங்கள் ஏஜென்சிக்கு லட்சக்கணக்கில் கொடுக்கின்றன. நாங்கள் சிலர் சேர்ந்து சனிக்கிழமைகளில் இந்த வேலையைச் செய்யத் தொடங்கியிருக்கிறோம்.

பெரிய கடமை வேறொன்று இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போகாமலேயே, கோவையிலோ திருநெல்வேலியிலோ ஓர் அரசுக் கல்லூரியில் உலகத் தரத்தில் படிக்கும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கு வேண்டும். ஆய்வகம் வேண்டும், இரவு வரை திறந்திருக்கும் நூலகம் வேண்டும், காலியாகக் கிடக்கும் ஆசிரியர் பணியிடங்களை நிரப்ப வேண்டும். வரிப் பணத்தில் அது நடக்கும் என்பதை அங்கே கண்ணால் பார்த்துவிட்டோம். பார்த்துவிட்டு வந்து, இங்கே முடியாது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளக் கூடாது.

என்னைப் படிக்க வைத்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு என் பெயர் தெரியாது. பெயர் தெரியாத பிள்ளைக்குத்தான் சத்துணவு போட்டார்கள், சைக்கிள் கொடுத்தார்கள், வகுப்பறை கட்டினார்கள். நான் படிக்க வைக்கப்போகும் பிள்ளையின் பெயரும் எனக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பிள்ளை கோவையில் இருந்தாலும் சரி, கெம்னிட்ஸில் இருந்தாலும் சரி, என் பங்கு போய்ச் சேர வேண்டும்.